சத்தி ரோட்டில் நடந்து வந்த பம்ப் கம்பெனி

வெள்ளைப்பாறை தொழிற்பேட்டையில் இருந்த தேவசேனாவின் பம்ப் கம்பெனி, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு, உள்ளே முப்பத்தொரு பேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோயம்புத்தூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவர் லைன்மேன் சடையப்பன். கம்பத்தின் மேல் நின்று, ஒயரைத் தாங்கும் பீங்கானை மாற்றிக்கொண்டிருந்தவர், கம்பெனிக்குப் போகும் ஒயர் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பதைக் கண்டு கீழே பார்த்தார். நூற்றிருபதடி நீளமும் அறுபதடி அகலமும் உள்ள அந்தத் தகரக் கூரைக் கட்டடம், சிமென்ட் தரையோடும் சுவரோடும் ஜன்னல்களோடும், ஆற்றில் தள்ளிவிட்ட பரிசல் மாதிரி சத்தமில்லாமல் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. இப்படியே போனால் ஒயர் அறுந்துவிடுமே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. இறங்கி ஓடி, வண்டியிலிருந்து இன்னொரு சுருள் ஒயரை எடுத்து வந்து சேர்த்துக் கட்டிய பிறகுதான், கூடவே நடந்தபடி ஜன்னலைத் தட்டினார்.

“ஏனுங் மேடம், கம்பெனி எங்கீங்க போகுது?”

தேவசேனா வெளியே எட்டிப் பார்த்தாள். வாசலில் அவள் நட்டிருந்த வேப்பங்கன்று பின்னால் போய்க்கொண்டிருந்தது. கிழக்கு மேற்கு பார்த்துக்கொண்டாள்.

“எனக்குத் தெரிஞ்ச பக்கந்தான் போகுதுங்க,” என்றாள்.

அந்தப் பக்கத்தில், முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, கோயம்புத்தூர் கணபதியில், மணல்மேட்டுச் சந்து இருந்தது. பதினான்கடி அகலச் சந்து. அதற்குள் இருபத்தாறு பட்டறைகள். ஒருவர் இரும்பை வார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் அதைக் கடைவார், எதிரே இருப்பவர் பெயின்ட் அடிப்பார், மூலையில் இருப்பவர் பெயர்த்தகடு அடித்துக் கொடுப்பார். பாலிடெக்னிக் முடித்த கையோடு தேவசேனா அங்கே ஒரு கார் நிற்கிற அளவு இடத்தில் கம்பெனி ஆரம்பித்து, நாற்பத்தாறு வயது வரைக்கும், பன்னிரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு முப்பது பம்ப் செய்துகொண்டிருந்தாள். ஷாப்ட் ஒன்று பேரிங்குக்குள் போக அடம்பிடித்தால், மூத்த ஃபிட்டர் ஆரோக்கியசாமி அதைத் துணியில் சுற்றிக்கொண்டு எதிர்ப்பட்டறை மருதாசலத்திடம் ஓடுவார். மருதாசலம் தன் வேலையை நிறுத்திவிட்டு லேத்தில் அதை மாட்டி மயிரிழை அளவு சீவிக் கொடுப்பார். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் ஷாப்ட் திரும்பி வந்திருக்கும். அங்கே யாரும் யாருக்கும் உட்கார்ந்து பாடம் சொன்னதில்லை. ஆனாலும் ஒரு பட்டறையில் திங்கட்கிழமை ஒருவன் கண்டுபிடித்த சுளுவான வேலைமுறை புதன்கிழமைக்குள் இருபத்தாறு பட்டறைக்கும் தெரிந்திருக்கும்.

ஆனால் லாரி உள்ளே வராது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் தரையில் வைத்த மோட்டார் வரைக்கும் ஏறும். அதனால்தான் தொழிற்பேட்டையில் இரண்டு ஏக்கர் கிடைத்ததும் தேவசேனா சந்தோஷமாகக் கிளம்பினாள். உயரமான கூரை, தலைக்கு மேல் ஓடுகிற கிரேன், சுத்தமான கழிப்பறை, நாள் முழுக்க மின்சாரம். ஒரு நாளைக்கு அறுபது பம்ப் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். வந்தது பதினெட்டு.

ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அதே ஆட்கள், அதே கைகள். ஒரு ஷாப்ட் சரியில்லையென்றால் டெம்போ கணபதி போய்வர ஒரு பகல் போனது. அதுவரை நாலு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அது மட்டுமில்லை. “அம்மிணி, இங்க ரொம்ப அமைதியா இருக்குதுங்க,” என்றார் ஆரோக்கியசாமி. “அங்க பக்கத்துப் பட்டறை மோட்டார் ஓடுற சத்தத்த வெச்சே நம்மது தேவலையா, மோசமான்னு எனக்குத் தெரிஞ்சுபோகும். இங்க நம்ம சத்தந்தான் நமக்கே கேக்குது.”

தேவசேனா மருதாசலத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பக்கத்திலேயே இடம் தருவதாகச் சொன்னாள்.

“உன்ற ஒரு கம்பெனிய நம்பி அந்தப் பொட்டக்காட்டுக்கு வந்துட்டா, மத்த இருபத்தஞ்சு பேரோட வேலைக்கு நான் எங்க போறது அம்மிணி?” என்றார் அவர். “எல்லாரையும் கூட்டிட்டுப் போ. கடைசி ஆளா நானும் வர்றேன்.”

எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோரும் கடைசி ஆளாக வரத் தயாராக இருந்தார்கள்.

வெள்ளைப்பாறையில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்லது, சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வேலைக்கு வந்த பத்தொன்பது பெண்கள். அவர்களில் வசந்தாமணி என்பவள், மஞ்சள் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவள், மூன்றே மாதத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டாள். செம்புக் கம்பி அவள் விரலுக்குள் போனால் தலை வாரிப் பின்னிய மாதிரி படிந்து வெளியே வந்தது. சாகுபடி இல்லாத மாதத்திலும் சம்பளம் வருகிற வேலை அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்.

இப்போது அந்தக் கம்பெனிதான் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு மூன்று நாளில் அதன் குணம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. உள்ளே வேலை நடந்தால் அது நடக்கும். சாப்பாட்டு நேரத்தில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். ஏறவும் இறங்கவும் யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. சோளக்காட்டுக்குள் இறங்கினால் சோளத்தட்டுகள் ஓசையில்லாமல் சாய்ந்து கொடுத்து, கட்டடம் கடந்துபோன பிறகு ஒன்றுகூட ஒடியாமல் எழுந்து நின்றன. கிணறு குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போயிற்று. கோயில் எதிர்ப்பட்டால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. சடையப்பன் தன் மொபெட்டில் கூடவே வந்து, ஒவ்வொரு கம்பமாக இணைப்பை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய எல்லை முடிகிற இடத்தில் அடுத்த லைன்மேன் வந்து, “இனி நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க” என்றபோது, தேரை அடுத்த வீதிக்காரர்களிடம் ஒப்படைத்தவரைப் போல நின்று பார்த்துவிட்டு, “இல்லீங்க, இது பழக்கத்துக்கு வந்துருச்சு” என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து வந்தார்.

அன்னூர் எல்லைக்கு வந்த அன்று தேவசேனா மெயின் சுவிட்சை அணைத்தாள். கட்டடம் நின்றது. பெண்கள் இப்போதே மூன்று பஸ் மாறி வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் தெற்கே போனால் அவர்களால் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் நிறுத்தி வைத்தாள். இரண்டு நாள். மூன்றாம் நாள் வசந்தாமணி அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க்கா, எங்களுக்காகத்தான நிறுத்தி வெச்சிருக்கீங்க?”

“ஆமா.”

“வேல நடக்காத கம்பெனி வீட்டு வாசல்லயே நின்னா மட்டும் எங்களுக்கு என்னங்க்கா ஆகப்போகுது? சுவிட்சப் போடுங்க. முடிஞ்சவரைக்கும் பின்னாலயே வர்றோம்.”

“முடியாமப் போச்சுன்னா?”

வசந்தாமணியே போய் சுவிட்சைப் போட்டாள்.

அதன் பிறகு அது, கோயம்புத்தூர் போகிற சத்தி ரோட்டில் ஏறியது. சாலையின் பாதியை அது எடுத்துக்கொள்ள, மீதிப் பாதியில் பஸ்களும் லாரிகளும் முறை வைத்துப் போயின. கண்டக்டர்கள் “பம்ப் கம்பெனி எல்லாம் எறங்கு” என்று தினம் ஒரு இடத்தில் விசில் அடித்தார்கள். கணேசபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம், உச்சி வெயிலில் மாப்பிள்ளைக்கு நிழல் வேண்டும் என்று, நாதஸ்வரத்தோடும் தட்டு வரிசையோடும் கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டியே மண்டபம் வரைக்கும் நடந்து வந்தது. வரி கேட்டு வந்த ஊராட்சி எழுத்தர் ஒருவர், படிவத்தைப் பூர்த்தி செய்து நிமிர்வதற்குள் கம்பெனி தன் ஊராட்சியைத் தாண்டிவிட்டதைக் கண்டு, படிவத்தை அடுத்த ஊராட்சிக்காரரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டுப் போனார். விவசாயிகள்தான் முதலில் சுதாரித்தவர்கள். புகைந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு முப்பது நாற்பது கிலோமீட்டர் போய்க் காத்துக் கிடந்தவர்கள் அவர்கள். நாளைக்கு நம்மூருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், கருகிய மோட்டாரை மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் கொண்டுவந்து ரோட்டோரத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். காலையில் தெற்கு வாசல் வழியாக உள்ளே போகிற மோட்டார், வசந்தாமணியின் கையில் புதுக் காயில் ஏறி, சாயங்காலம் வடக்கு வாசல் வழியாக வெளியே வந்தது.

தெற்கே வர வர, உள்ளே ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. கோவில்பாளையத்தை நெருங்கியபோது ஒரு நாளைக்கு இருபத்தேழு பம்ப் ஆனது. குரும்பபாளையத்தில் முப்பத்தைந்து. யாரும் வேகமாக வேலை செய்யவில்லை. கைகளுக்குத் தடங்கல் குறைந்துகொண்டே வந்தது. தீர்ந்துபோன போல்ட்டு ஒரு கூப்பிடு தூரத்தில் கிடைத்தது. வேலை தேடிப் போகிறவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “நான் டெஸ்டிங் தெரிஞ்ச ஆளுங்க” என்றார்கள். சரவணம்பட்டிக்கு வந்த அன்று ஆரோக்கியசாமி திடீரென்று ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, காதில் கையை வைத்துக்கொண்டு, தெற்கு ஜன்னலில் போய் நின்றார். வெகுதூரத்தில், வண்டிச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், நூறு லேத்துகளும் ஆயிரம் சுத்தியல்களும் சேர்ந்த ஒரு முனகல் கேட்டது, தூங்குகிற பெரிய மிருகம் ஒன்று மூச்சு விடுவது போல. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரும் அவர் பின்னால் வந்து நின்று கேட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதற்குள்ளேயே இருந்த தேவசேனா, அப்படி ஒரு சத்தம் இருந்தது என்று அன்றுதான் அறிந்தாள்.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒன்றிரண்டு பெண்கள் நின்றுபோனார்கள். ஒருத்தி, கைக்குழந்தையை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வர முடியவில்லை என்றாள். ஒருத்தி, மாமியாருக்குச் சந்தேகம் என்றாள். இருவர் எதுவும் சொல்லாமல் ஒரு காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை. கணபதி வந்தபோது பத்தொன்பது பேரில் வசந்தாமணியையும் சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம். அவள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

சந்துக்குள் கம்பெனி நுழைய முடியாது. சந்தின் முனையில் காலியாகக் கிடந்த பஞ்சுக் குடோன் மைதானத்தில் வந்து, இரண்டு தரம் முன்னும் பின்னும் அசைந்து, கோழி அடையில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துகொண்டது. சந்திலிருந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் கிரீஸோடு மருதாசலம்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அந்தக் கடைசி மோட்டார நிறுத்துங்கப்பா. அதுல பேரிங் சரியில்ல. காலைலருந்து கேட்டுட்டே இருக்கறேன், காதுல விழுந்து இம்சையா இருக்குது,” என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாளைக்கு அறுபத்திரண்டு பம்ப் ஆனது. தேவசேனா சுவரில் மாட்டியிருந்த பலகையில் அந்த எண்ணைத் தானே எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பியவள், காயில் கட்டுகிற வைண்டிங் பகுதியில் ஆளில்லாமல் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தாள். அன்று மாலை எல்லோருக்கும் கொடுத்த இனிப்பை அவள் சாப்பிடவில்லை.

வசந்தாமணியோ ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சந்துக்குள் போய், காயில் கட்டுகிற நாலு பட்டறைக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒருவர் கம்பியைச் சூடு காட்டி வளைத்தார். இன்னொருவர் கம்பிக்கு அடியில் வைக்கிற தாள் காப்பை மடிக்கிற விதமே வேறு. வெள்ளைப்பாறையில் ஒரு வருஷத்தில் கற்றதை அவள் அங்கே இருபது நாளில் கற்றாள். சந்துக்காரர்களும் அவளிடமிருந்து பின்னல் மாதிரி படிகிற அந்தக் கைவாக்கைக் கற்றுக்கொண்டார்கள். யார் யாரிடமிருந்து எடுத்தது என்று ஒரு மாதம் கழித்து யாருக்கும் நினைவில்லை.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி சுமாருக்கு, கம்பெனியின் வடக்குக் கோடி இருபதடி, வைண்டிங் மேஜையும் வசந்தாமணியும் மற்ற இரண்டு பெண்களும் இருந்த பகுதி, கத்தியால் நறுக்கிய மாதிரி கட்டடத்திலிருந்து பிரிந்து, சத்தி ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

தேவசேனா வெளியே ஓடி வந்து கூடவே நடந்தாள். “வசந்தாமணி! சுவிட்ச அணை!”

“வேண்டாங்க்கா. எனக்கு இது ஒரு வாரமாவே தெரியுதுங்க. மேஜை வடக்க இழுக்குது.”

“ஊருக்கா போகுது?”

“ஊருப் பக்கந்தானுங்க.” வசந்தாமணியின் கை கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “ஆனா பயமா இருக்குதுங்க்கா. வேல கத்துக்கிட்டேன். தனியாப் போயி அங்க உக்காந்தா, ஒரு ஷாப்ட் தேஞ்சு வந்தாலும் இங்கதான ஓடி வரோணும்? ஆறு மாசத்துல இதுவும் திரும்பி நடக்க ஆரம்பிச்சிருமுங்க. அப்பறம் என்ற பொழப்பே ரோட்டுல நடக்கறதுன்னு ஆயிருமுங்க.”

தேவசேனா நின்றுவிட்டாள். இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு காலத்தில் அவள் இருபத்தாறு வாசலும் ஏறி இறங்கியிருக்கிறாள். பிறகு திரும்பிச் சந்துக்குள் ஓடினாள்.

மருதாசலம் லேத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

“அண்ணா, அன்னிக்கு நான் வந்து கூப்புட்டப்ப எனக்காகக் கேட்டேன். இப்ப அப்பிடியில்ல. அந்த ரோடு முழுக்கக் காடு. காட்டுக்குக் காடு கெணறு. கெணத்துக்குக் கெணறு மோட்டார். நான் கண்ணால பாத்துட்டு வந்திருக்கறேன். வேலை அங்க கெடக்குதுங்கண்ணா. ஒரு லேத்து இருந்தாப் போதும். கடைசி ஆளா யாரும் வர வேண்டாம். முதல் ஆளா ஒருத்தரு வேணும்.”

“நான் இந்தச் சந்த விட்டு வர முடியாது அம்மிணி. எனக்கு அறுபத்திரண்டு வயசு.”

“தெரியுமுங்கண்ணா.”

அவர் கையைத் துடைத்தார். அவருடைய பட்டறைக்குப் பின்கட்டில் சின்ன லேத்து ஒன்று உண்டு. அவர் தங்கை மகன் நஞ்சப்பன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான், முப்பத்தைந்து வயது, அன்னூருக்குப் பக்கத்தில் பெண் எடுத்தவன். மருதாசலம் பின்கட்டைப் பார்த்து, “நஞ்சப்பா, என்னடா சொல்ற?” என்றார்.

பதில் வரவில்லை. பின்கட்டு அந்த இடத்தில் இல்லை. நஞ்சப்பன் ஏற்கனவே லேத்தோடும் கூரையோடும் பின்வாசல் வழியாக வீதியில் இறங்கி, வடக்கே போய்க்கொண்டிருந்தான். ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “மாமா, டூல் பெட்டியக் குடுங்க!” என்று கத்தினான். மருதாசலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்த வயதில், சத்தி ரோடு வரைக்கும் ஓடினார். பெட்டியைக் கொடுத்தவர் உடனே திரும்பவில்லை. இரண்டு கட்டடங்களும் கண்ணுக்கு மறைகிற வரைக்கும், மிச்சப் பகல் முழுக்க, அங்கேயே நின்றார்.

அவை பகலில் நடந்து, மாலையில் நின்று, மறுபடி நடந்தன. இந்த முறை வேகம் இரண்டு மடங்கு. சடையப்பன் மொபெட்டில் முன்னால் போனார். கோவில்பாளையத்தில் பழைய இரும்பு வாங்கி விற்கிறவரின் தகரக்கொட்டகை, இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாவதாகப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. தேவசேனா தினமும் மாலையில் பஸ் ஏறி வந்து, அவை நிற்கிற இடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். வழியெல்லாம் ஜனங்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றார்கள். முன்பு போனபோது வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

இருபதாம் நாள், அன்னூரையும் தாண்டி, வெள்ளைப்பாறைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், ஒரு மண் ரோடு வந்து சத்தி ரோட்டில் சேருகிற இடத்தில், மூன்றும் இடப்பக்கம் திரும்பி, ஒன்றுக்கொன்று எதிர்முகமாக, நடுவில் இருபதடி விட்டு உட்கார்ந்தன. அதற்கப்புறம் அசையவில்லை. வசந்தாமணி அரை நாள் மேஜையில் கையை வைத்துப் பார்த்தாள். இழுப்பு இல்லை.

மறுநாள் காலை, நின்றுபோயிருந்த பெண்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் ஏழு பேர். யாரும் பஸ் ஏறி வரவில்லை, நடந்தே வந்தார்கள். தேய்ந்துபோன ஷாப்ட் ஒன்றை வசந்தாமணி தூக்கிக்கொண்டு வெளியே வந்து, இருபதடியைக் கடந்து, நஞ்சப்பனிடம் கொடுத்துவிட்டு, அவன் அதைச் சீவி முடிக்கிறவரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். தேவசேனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடையப்பன் மூன்றுக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டு, மின் இணைப்பு விண்ணப்பத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, மொபெட் சீட்டின் மேல் விரித்தார்.

“வசந்தாமணின்னு பேரு எழுதிட்டேனுங்க. விலாசம் என்னன்னு போடட்டும்?”

வசந்தாமணி சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் சோளக்காடு, ஒரு பக்கம் காற்று. நடுவில் மூன்று கூரைகள்.

“வீதின்னு போடுங்க,” என்றாள்.

“மூணே மூணு கட்டடந்தான இருக்குது?”

“வீதிதானுங்க. எழுதுங்க.”

சடையப்பன் எழுதினார்.